துரையிடம் கேட்காத கேள்வி

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் லோரன்ஸ்தான் பதினாறு வருடமாகத் தோட்டத்து உதைபந்தாட்ட அணியைத் தெரிவு செய்பவர். ஆள் தங்கம். பயந்தாங்கொள்ளித் தங்கம்.

இந்த முறை ஹட்டன் போட்டிக்குப் பதினைந்து பேர் எழுதியாகிவிட்டது. பதினாறாவது இடத்தில்தான் பேனா நின்றது. ஜீவராஜின் இடது கால் மாதிரி ஒரு கால் இந்த மலையில் இல்லை. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்களும் வருகிறார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பு, தாய் மீனம்மா பறித்த கொழுந்தின் நிறையில் நாலு கிலோவை வெட்டிய கணக்கப்பிள்ளையை, தராசடியிலேயே கன்னத்தில் அறைந்துவிட்டான் அவன். பொலிஸ் வரை போனது, வேலையும் போனது.

"கிரவுண்டும் தோட்டத்தோடது, போற லொறியும் தோட்டத்தோடது. ஓணானைத் தூக்கி மடியில விட்டுக்கச் சொல்றியா?" என்றார் லோரன்ஸ், மனைவி தெரேசாவிடம்.

"துரைகிட்டதான் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா வேணாம்பாரு. அதுக்குப் பொறவு சேக்க முடியுமா?"

கேட்காமல் இருந்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. தோட்டத்து மேலாளரான துரை வாயைத் திறக்குமுன்னே அவர் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்வது நம்மவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. லோரன்ஸ் நேரே ஜீவராஜிடம் போய், "தொரை வேணாம்னுட்டாருடா" என்றார்.

அவன் அந்த வாரமே கொழும்பில் ஒரு இரும்புக் கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

ஹட்டனில் அரையிறுதியில் ஒரு கோலால் தோற்றார்கள். பையன்கள் லொறியில் ஏறிக்கொண்டிருந்தபோது துரை குடையோடு வந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பழகிய தமிழில் கேட்டார்.

"எங்கே அந்த இடதுகால்காரன்? அவன் ஆட்டம் பாக்கத்தான் வந்தேன்."

"அவன்... கணக்கப்பிள்ளைய அடிச்சவன்ங்க, தொரை."

"அது வேலை. இது பந்து. என்கிட்ட கேக்கலாமே?"

லோரன்ஸ் லொறியில் ஏறிக்கொண்டார். நோர்வூட்டில் இறங்கியதும், பஸ் தரிப்பிடத்தில் நின்றே ஜீவராஜுக்கு அழைப்பெடுத்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தார்.

"தோத்துட்டோமாமே அண்ணே? கேள்விப்பட்டேன்," என்றான் அவன். "மாவட்டத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கடா. இனி ரெண்டு வருசத்துக்கு இல்லையாம்."

"சரி, விடுங்க."

"ஜீவா, தொரை விசயத்துல..."

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்கண்ணே. தொரை வேணாம்னா நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்காகப் போய்க் கேட்டதே நீங்க ஒருத்தர்தான். அம்மாகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்."

லோரன்ஸ் வாயைத் திறந்தார். "சாப்பிட்டியாடா?" என்றுதான் வந்தது.