பக்கத்து நாற்காலிக்கும் ஒரு தட்டு

பசின்னு வந்தவனுக்குப் போட்டு அனுப்புறது லேசு. போதும்னு சொல்லாதவனை எந்திரிக்க வைக்கிறதுதான் எங்க தொழில்ல பெரும்பாடு. கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு நின்னவுக, மெஸ்ஸு நடத்துறவுக, கெடாவெட்டுல குழம்பு ஊத்தியே இடுப்பு ஒடிஞ்சவுக, நீங்க எல்லாரும் நம்ம கூட்டந்தான். ஒங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லப் போறேன்?

எங்க கடை கூடலூரைத் தாண்டி, குமுளி மலை ஏறுறதுக்கு முன்னால ரோட்டோரத்துல இருக்கு. எம்மகன் முருகேசன் துபாயில ஒரு அர்ஜென்டினா கறிக்கடையில பல வருசம் நெருப்புக்கு முன்னால நின்னுட்டு, அந்தத் தொழிலை அப்படியே இங்கன கொண்டாந்துட்டான். தலைக்கு ஒரே ரேட்டு, வயிறு கொள்ளுற மட்டும் திங்கலாம். ஆட்டுத் தொடை, கோழி, ஈரல்னு எல்லாத்தையும் வாளு மாதிரி கம்பியில கோத்து வாட்டுவாக. கறி மாஸ்டர் பாண்டி அந்தக் கம்பியத் தூக்கிக்கிட்டு மேசை மேசையாப் போயி தட்டுல சீவிப் போடுவான். தொட்டுக்க ஒரு சட்னி. மல்லித்தழையும் பூண்டும் நசுக்கி எண்ணெய ஊத்தினா அது அர்ஜென்டினாவாம்! அரைக்கிறது நான், பேரு மட்டும் எனக்கு வாயில நொழையாது. அது போக, வாசல்ல ஒக்காந்து வாரவுகளுக்கு அட்டை குடுக்குறதும் நாந்தான்.

மடிக்க முடியாத தட்டு

அட்டைன்னா என்னன்னு கேப்பீக. ஆளுக்கு ஒரு வட்ட அட்டை. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செவப்பு. பச்சை மேல தெரிஞ்சா பாண்டி போட்டுக்கிட்டே இருப்பான், செவப்பத் திருப்பினா நிறுத்திருவான். சாப்பிடுறவுக கைதான் திருப்பணும், பரிமாறுறவன் தொடப்படாது. இதுதான் முருகேசன் வச்ச சட்டம். கடமலைக்குண்டுல இருந்து ஆட்டு யாவாரி ஒருத்தரு வந்தாக, பொஞ்சாதியோட. நல்ல தாட்டியான ஆளு. எனக்கு அந்த ஊரு சந்தையில முன்ன ஒரு வெள்ளாடு வாங்கின பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அது எங்க வீட்டுக்காரரு வேட்டியத் தின்னுச்சு, அந்தக் கதைய விடுங்க.

அந்த மனுசன் அட்டையப் பச்சையிலயே வச்சுட்டு எல்லாத்தையும் தின்னாரு. வேர்த்து ஊத்துது, மூச்சு வாங்குது, பாண்டி போட்டுக்கிட்டே இருக்கான். போட்ட கறிய வீணாக்கப்படாதுன்னு அவரும் முழுங்கிக்கிட்டே இருக்காரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. நான் ஓடிப்போயி, "அண்ணே, போதும்னா அட்டையத் திருப்ப வேண்டியதுதானே?"ன்னேன். அதுக்கு அவரு சொன்னாரு: "எலையா இருந்தா மூடிப்புட்டு எந்திரிச்சிருப்பேன் தாயி, இந்தப் பீங்கானை எங்கிட்டு மடிக்க?"

ரெண்டு அட்டை குடுங்க

ஒரு அமாவாசை மத்தியானம் ஜீப்பு ஓட்டுற ராசு வந்தான். கூடலூர்ல இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டுப் போற வண்டி. அவனும் அவுக அண்ணன் வீரணனும் ஆளுக்கொரு ஜீப்பு வச்சிருந்தாக. எங்க கடை தொறந்த அன்னைக்கு வாசல்ல வண்டிய நிறுத்தி வீரணன் கேட்டிருக்கான், "கறி வாசம் ஆளைத் தூக்குதுடா, தின்னுட்டுப் போவோமா?"ன்னு. "இந்த ட்ரிப்ப முடிச்சுட்டு வாண்ணே"ன்னுட்டான் ராசு. அண்ணன் ஓட்டிப் போன வண்டி மலை வளைவுல உருண்டு போச்சு. ஆளு வரல.

ராசு எங்கிட்ட ரெண்டு அட்டை கேட்டான், ரெண்டு தலைக்குக் காசு குடுத்தான். சன்னல் ஓரமா ஒக்காந்து, பக்கத்து நாற்காலிக்கு முன்னால தட்டை வச்சு, அந்த அட்டையப் பச்சையா வச்சான். தன் அட்டையச் செவப்பா வச்சுக்கிட்டான். அண்ணன் வயிறு நெறைஞ்சு, அவனாத் தன் அட்டையத் திருப்புற வரைக்கும் இவன் கறி சோறு தொட மாட்டானாம். வீட்டுலயும் கஞ்சித்தண்ணிதான். பாண்டி கம்பியோட என்னையப் பாக்குறான், நான் முருகேசனைப் பாக்குறேன். பச்சைன்னா போட்டுத்தானே ஆகணும்? போட்டான். கத்தி தட்டுல பட்ட சத்தம் கேட்டதும் ராசு தலையத் தூக்காமச் சொன்னான்: "மெதுவாப் போடுங்க மாஸ்டர், எங்கண்ணன் மென்னு திங்கிற ஆளு."

நாயி தொடாத கறி

அதுக்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்தான். வந்து வந்து ஆளு எளைச்சுக்கிட்டே போனான். சட்டை மட்டும் வருது, உள்ள ஆளக் காணோம்ங்கிற மாதிரி. நாங்களே அந்த அட்டையத் திருப்பிருவோமான்னு ஒருக்கா முருகேசன் கேட்டான். "ஏலே, செத்தவனுக்குப் பதிலா போதும்னு சொல்ற வாயி எவனுக்குடா இருக்கு?"ன்னு நான் வஞ்சுட்டேன்.

அந்தத் தட்டுக் கறிதான் எங்களுக்குப் பயம். நெருப்புல இருந்து எறக்கின கறி, அடுத்த மேசையில ஆவி பறக்கும். அந்தத் தட்டுல விழுந்ததும் கொழுப்பு வெள்ளையா உறைஞ்சிரும். பங்குனி வெயில்லயும் அப்படித்தான். ராசு போன பெறகு பாண்டி ஒரு துண்டை வாயில போட்டுப் பாத்து, துப்பிட்டான். உப்பு இல்ல, உறைப்பு இல்ல, கறின்னே இல்ல, தேங்கா நாரை மென்ன மாதிரி இருக்குன்னான். சரி, வாயில்லா சீவனாவது திங்கட்டும்னு பின்வாசலுக்குக் கொண்டு போனான். அங்கன ஒரு செவலை நாயி, எலும்புக்கு உசுரையே விடும். அது ஒரு அடி முன்னால வந்துச்சு, அப்படியே நின்னுச்சு, வாலை இடுக்கிக்கிட்டுப் பின்னாலயே போகுது. பாண்டி தட்டைக் கீழ வச்சுட்டு உள்ள ஓடியாந்தான். என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்: "ஆத்தா, அது கறியப் பாக்கல, எனக்குப் பின்னால எதையோ பாக்குது."

நீல வெள்ளைச் சட்டைக்காரவுக

குமுளிப் பக்கத்துல இருந்து இளவட்டங்க கூட்டமா வருவாக. கடைப் பேருல அர்ஜென்டினா இருக்குல்ல, அம்புட்டுத்தான். நீலமும் வெள்ளையுமா வரி போட்ட அந்த நாட்டுப் பந்தாட்டப் பனியனை மாட்டிக்கிட்டு, ஏதோ கோயிலுக்கு வாரது மாதிரி பக்தியா வருவாக. கறிய விட பந்தாட்டத்தைப் பத்தித்தான் பேச்சு. ஒருத்தன் எங்கிட்ட, "அம்மச்சிக்கு எந்த டீமு?"ன்னு கேட்டான். நான் சட்னி டீமுன்னேன்.

அவுக வந்த ஒரு நாளு அமாவாசை. ராசு அவன் எடத்துல ஒக்காந்திருக்கான், பக்கத்துல நாற்காலி காலியாத்தான் கெடக்கு. பனியன்காரன் ஒருத்தன் கை கழுவப் போனான். அந்த நாற்காலிக்குப் பின்னால வழி தாராளமா இருக்கு. ஆனா அவன் வயித்த எக்கிக்கிட்டு, செவத்துல முதுகு உரச, ஒருக்களிச்சுப் போறான். போகையில நாற்காலியப் பாத்துச் சிரிச்சு, "சாரி சேட்டா"ங்குறான். ராசு சட்டுன்னு நிமுந்து பாத்தான். நான் அந்தப் பயலை வாசல்ல மடக்கி, "யாருகிட்டப்பா சாரி சொன்ன, அங்கன காலியாத்தானே கெடக்கு?"ன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டுச் சொன்னான்: "அவிடே ஆளுண்டல்லோ அம்மச்சி, நல்லா வேர்த்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

செல்வி வந்த அன்னைக்கு

அடுத்த அமாவாசைக்கு ராசு பொஞ்சாதி செல்வியும் கூட வந்தா. வந்ததும் எங்கிட்டத்தான் ஒக்காந்தா. ராசுக்குக் கை நடுங்குதாம். கியரைப் போட்டுட்டு ஒரு நிமிசம் மூச்சு வாங்கிட்டுத்தான் வண்டிய எடுக்குறானாம். மலை ஏறுற வண்டி, உள்ள தோட்டத்துக்குப் போற பொம்பளைக நெறைய. "அந்த வளைவு ஒருத்தரை வாங்கிருச்சு, இவரையும் வாங்கிட்டா நான் என்ன செய்ய ஆத்தா?"ன்னா. நான் அட்டைதான் குடுத்தேன். மூணு அட்டை.

பாண்டி வந்து காலித் தட்டுல சீவினான், கொழுப்பு உறைஞ்சுச்சு. மறுபடி சீவினான். ராசு தன் தட்டுல கைய வைக்கல. அந்தத் தட்டையும் புருசன் கழுத்தெலும்பையும் செல்வி மாத்தி மாத்திப் பாத்தா. பெறகு விருட்டுன்னு எந்திரிச்சு, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால போயி நின்னா. புருசனுக்கு அண்ணன், அந்த மூத்தாருக்கு முன்னால சத்தமாப் பேசாத பிள்ளை அது. கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக. அவ கேட்டா: "ஏன் மாமா, ஒங்க தம்பி பட்டினி கெடக்கையில ஒங்களுக்கு மட்டும் தொண்டையில எறங்குதாக்கும்?"

பந்தி மொறை

எனக்கு அப்பத்தான் உச்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம பக்கம் பந்தி மொறை ஒங்களுக்குத் தெரியும். பக்கத்து எலைக்காரவுக தின்னு முடிக்காம எவனும் எந்திரிக்க மாட்டான். பண்ணைப்புரத்துல எங்க நாத்தனா மக கல்யாணத்துல, எங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஒரு பொக்கைவாய்ப் பெரியவரு ஒக்காந்துட்டாரு. அவரு ஒரு அப்பளத்தை ஊறவச்சு ஊறவச்சுத் திங்கிறாரு, இவரு கை காஞ்சு போயி, கொட்டாவி விட்டுக்கிட்டு, பந்தி காலியாகுற வரைக்கும் எலைக்கு முன்னாலயே கெடந்தாரு. மொறைன்னா மொறைதான். வீரணன் உசுரோட எங்க கடைக்குள்ள வந்ததே இல்ல. பச்சையும் செவப்பும் அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவனுக்குத் தெரிஞ்சது பந்தி. தம்பி இன்னும் எலையில கையே வைக்கலையே, எப்படி எந்திரிப்பான்? அண்ணன் எந்திரிக்கட்டும்னு தம்பி ஒக்காந்திருக்கான், தம்பி தின்னு முடிக்கட்டும்னு அண்ணன் ஒக்காந்திருக்கான். நடுவுல எங்க பாண்டி கறி சீவிக்கிட்டு நிக்கிறான்!

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ராசுக்கே அது வெளங்கிருச்சு போல. பொஞ்சாதி மொகத்தைப் பாத்தான், நாற்காலியப் பாத்தான். தன் அட்டைய மெதுவாப் பச்சைக்குத் திருப்பினான். பாண்டி தொடைக் கறியச் சீவிப் போட்டான். ராசு ஒரு வாயி எடுத்து வச்சான். மெல்ல முடியல, அழுகை முட்டுது. செல்வி தண்ணியக் குடுத்தா. அடுத்த வாயி. அதுக்கப்புறம் நிறுத்தல. தொடை, ஈரல், கோழின்னு காஞ்ச காடு மழைய இழுக்குற மாதிரி இழுத்துக்கிட்டான். கடைசியில ஏப்பம் விட்டுட்டு அட்டையச் செவப்பாக்கினான்.

பக்கத்து நாற்காலி கிரீச்சுன்னு பின்னால நகந்துச்சு.

யாரும் தொடல. அந்த அட்டை பச்சையிலயேதான் கெடக்கு. கொஞ்ச நேரத்துல, மூலையில கை கழுவுற எடத்துல குழாய் தொறக்குற சத்தம். தண்ணி ஊத்துது. அங்கன ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம் கடகடன்னு ஒரு வாய்க் கொப்புளிப்பு, ரோட்டுல போறவனுக்கே கேட்டிருக்கும். குழாய் தானா மூடுச்சு. போயிப் பாத்தா சோப்புல நொரை நிக்கிது. பாண்டி கம்பியக் கீழ போட்டுட்டு என் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சான். ராசு ஈரத் தொட்டியப் பாத்துக்கிட்டே நின்னவன், கண்ணத் தொடச்சுக்கிட்டு, சிரிப்பும் அழுகையுமாச் சொன்னான்: "அவந்தான் ஆத்தா, இப்படிக் கொப்புளிக்காதடான்னுதான் எங்கப்பன் வீட்டுல தெனமும் வையும்."

பயப்படாதீக, இப்ப ராசு ஒத்தை அட்டை வாங்கிக்கிட்டு ரெண்டு ஆளு கறியத் திங்கிறான், அதனால பேயி வந்து போன காலந்தான் எங்க கடைக்கு லாபம்னு முருகேசன் பொலம்பிக்கிட்டுக் கெடக்கான்.