மூன்றாம் தடவை கூப்பிட்டவன்

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. பாண்டித்துரை தன் இரண்டு பெண் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொன்னது இது. பீடி, தண்ணி எதையும் தொடாத ஆள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. போன வருடம், ஜூலை மாதம், குவைத்தில், வஃப்ரா பக்கம் ஒரு வெள்ளரித் தோட்டத்தில்.

அங்கே தோட்டத்தை மஸ்ரா என்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மணல். நடுவில் பத்து பிளாஸ்டிக் கிரீன்ஹவுஸ், ஓரமாக ஒரு தகர ரூம். ரூமில் இரண்டு தமிழர்கள். கீழ்க் கட்டிலில் பாண்டித்துரை, முதுகுளத்தூர்க்காரன், வந்து ஒன்பது வருடம். மேல் கட்டிலில் கார்மேகம், கமுதிப் பக்கம், வந்து ஏழே மாதம். சூப்பர் மார்க்கெட்டில் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் அனுப்பி வைத்தான். வந்து இறங்கிய மறுநாளே கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

முதலில் கலகலப்பாகத்தான் இருந்தான். நாலாவது மாதம் பேச்சுக் குறைந்தது. பிறகு சோறு குறைந்தது. பிறகு தூக்கம் சுத்தமாகப் போனது. பொழுதுக்கும் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்ப்பான். ஊரிலிருந்து மனைவி சங்கீதா போன் செய்தால் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன், சாப்டேன்" என்பான். அந்த இரண்டு பொய்யையும் கல்ஃபில் சொல்லாதவன் யார்?

சூப்பர்வைசர் அஹ்சன் பாகிஸ்தான்காரர், கெட்டவர் இல்லை. கார்மேகம் தலையைத் தொட்டுக் காட்டி, உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அரைகுறை இந்தியில் சொன்னால், இரண்டு பனடால் மாத்திரை கொடுப்பார். வயிற்றுவலிக்கும் அதே பனடால்தான். ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி முதலாளி கஃபீலிடம் கெஞ்சியபோது, "சீசன் முடியட்டும், கலாஸ்" என்று பேச்சை முடித்துவிட்டார். பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தது.

ஒரு நாள் கார்மேகம் சொன்னான். "ஏழாம் நம்பர்ல யாரோ எம் பேரச் சொல்லிக் கூப்புடுறாகண்ணே."

ஏழாம் நம்பர் கிரீன்ஹவுஸ் பயிர் எடுத்துவிட்டு மூடிப் போட்டது. விசிறி ஓடாது. கோடையில் உள்ளே போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும்.

"உச்சி வெயில்ல அப்படித்தான்டா கூப்புடும்," என்றான் பாண்டித்துரை. "மூணு தடவ கூப்புட்டாத்தான் மனுசன். ஒண்ணு, ரெண்டுக்கெல்லாம் வாயத் தெறக்காத."

அவனுக்கு வேண்டியிருந்தது டாக்டர். கிடைத்தது பனடாலும் இந்தப் புத்திமதியும்.

அன்று செவ்வாய்க்கிழமை. உச்சி வெயிலில் வேலை கிடையாது. பாண்டித்துரை பருப்புச் சோறு தின்றுவிட்டு, ஏசிக் குளிர் வெளியே போகாமல் கதவைத் தாழ் போட்டுப் படுத்தான். கார்மேகத்தின் தட்டு மூடியபடியே இருந்தது. வந்தால் கதவைத் தட்டுவான் என்று நினைத்தான்.

பகல் 12.20.

"பாண்டியண்ணே..."

தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே. கார்மேகத்தின் குரல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவன் ஜன்னல் பக்கம் வந்து கூப்பிடுகிற ஆள் இல்லை. குரலில் ஈரமே இல்லை... கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

பதில் பாண்டித்துரையின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு தடவைதானே... விழுங்கிக்கொண்டான்.

சரக்... சரக்... காலடி மணலில் தூரமாகப் போனது.

12.45.

"பாண்டியண்ணே... முழிச்சிருக்கீகளா..."

ஜன்னல் திரையில் ஒரு தலையின் நிழல். கண்ணாடியில் நகம் உரசியது. கர்ர்... கர்ர்...

வெளியே ஐம்பது டிகிரி. நாற்பத்தாறு வயது ஆம்பளை போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான்.

இரண்டு. இன்னும் ஒன்று வரட்டும்...

வரவில்லை. சரக்... சரக்...

1.50.

கண் அசந்திருக்க வேண்டும். அனலில் விழித்தான். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அனல் மேல் கட்டிலிலிருந்து இறங்கியது.

கிரீச்...

மேலே பலகை நடுவில் தாழ்ந்தது. ஆள் படுத்தால் தாழ்வது போல.

கதவைப் பார்த்தான். தாழ் போட்டபடி இருந்தது.

"பாண்டியண்ணே."

மூன்று.

"ஏன்டா...?"

மேலே ஒரு பெருமூச்சு.

"இப்பவாச்சும் கேட்டுச்சாண்ணே..."

பலகை மெல்ல நிமிர்ந்தது.

எழுந்து பார்த்தான். யாரும் இல்லை. மெத்தையில் கை வைத்தான்.

சுட்டது.

2.05க்கு அஹ்சன் கதவை இடித்தார். "பாண்டி பாய்! ஜல்தி ஆவோ!"

ஏழாம் நம்பர் வாசலில் கார்மேகத்தின் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோளைத் தொட்ட பாண்டித்துரை கையை எடுத்துக்கொண்டான். அந்த மெத்தையில் இருந்த அதே சூடு.

ரூமுக்கும் ஏழாம் நம்பருக்கும் நடுவே மணலில் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது. ஜன்னல் வரை வந்த தடம் இரண்டு. திரும்பிப் போன தடம் இரண்டு. மூன்றாவது தடம் எங்கேயும் இல்லை.

பத்து நாள் கழித்து, சங்கீதாவுக்கு அனுப்ப வேண்டிய, அரபியில் இருந்த இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பாண்டித்துரை டவுன் பக்கம் அப்பாசியாவுக்குப் போனான். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினம் மக்தூம் பாய்க்கு அரபி வாசிக்கத் தெரியும்.

"இயற்கையான மவுத்துன்னு எழுதியிருக்குப்பா," என்றார். "நேரம், பகல் ஒரு மணி."

"ரெண்டு மணி கிட்ட இருக்கும் பாய். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரு மணி."

பாண்டித்துரை கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் முதல் இரண்டு தடவை ஜன்னலில் நின்றது பேய் இல்லை. உயிரோடு இருந்த கார்மேகம். பேச ஒரு ஆள் தேடி, அந்த வெயிலில் இரண்டு தடவை நடந்து வந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் ரூமிலிருந்து சங்கீதாவுக்குப் போன் செய்தான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசியா உங்களக் கூட ஒரு வார்த்த கூப்புடலயாண்ணே?"

பாண்டித்துரை அண்ணாந்து மேல் கட்டிலைப் பார்த்தான்.

"இல்லம்மா," என்றான். "கூப்புடல."

ஆள் இல்லாத மேல் கட்டிலில் பலகை தாழ்ந்தது.

கிரீச்...