தகரக் கூரையில் வைத்த கற்கள்

கலியாணமான மறு வருஷம் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கண்டிக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை. மலைச்சரிவில் இருந்த தகரக் கூரை வீடு ஒன்றில் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறு பாதியில் மடவளையிலிருந்து வந்த முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாளை நான் 'தாத்தா' என்பேன். அக்காளை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். தெருத் தெருவாகத் துணி விற்ற அவர் கணவர் எனக்கு நானா, அதாவது அண்ணன்.

அது சித்திரை மாதம். காலையிலிருந்தே புழுக்கம். பிற்பகலில் மலைக்கு மேலே வானம் கருத்து, இடியோடு காற்றும் எழுந்தது. மழைக்கு முந்திய காற்றுத்தான் என்றிருந்தேன். என் தலைக்கு மேலே தகரம் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கத் தொடங்கியதும் சுவரோரம் ஒதுங்கினேன். வீட்டில் நான் தனி, வயிற்றில் பிள்ளை வேறு.

நானா ஏணியோடு வந்தார்.

"புள்ள, உள்ளுக்கு நில்லுங்க. உங்கட பக்கம்தான் முதல்ல போகும் போல ஈக்கி."

"ஒங்க பக்கத்த மொதல்ல பாருங்க நானா!"

"அது நிக்கும்."

தாத்தா கீழிருந்து கற்களை எடுத்துக் கொடுக்க, அவர் என் கூரை மேல் வரிசையாக வைத்தார். பிறகு தம் பக்கம் நகர்ந்தார். அப்போது காற்று திசை மாறிச் சுழன்று வந்தது. அந்தப் பக்கத்துக் கூரை முழுதாக எழும்பியது. அவரையும் சேர்த்துச் சரிவில் எறிந்தது.

பலாமரத்தடியில், தகரத்துக்குக் கீழே கிடந்தார். மூச்சு இருந்தது. அயலவர்கள் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. கொட்டும் மழை.

"நனையிறாரு, எதையாச்சும் போடுங்களேன்" என்று தூக்கும்போதே தாத்தா சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குள் ஓடி என் கலியாணச் சேலையைக் கொண்டுவந்து போர்த்தினேன். பாதி வழியில் நானாவின் உயிர் போய்விட்டது. அதன் பிறகும் தாத்தா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடக்கம் முடிந்ததும் தாத்தா மடவளையிலிருந்த உம்மா வீட்டுக்கு, தாய் வீட்டுக்குப் போனார். கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலம் முடிந்தபின், என் குழந்தையை எடுத்துக்கொண்டு மடவளைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவரைக் கண்டதும் குழந்தையைத்தான் நீட்டினேன். அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல புள்ள" என்றார். "நனையாம, புள்ளட தலைய மூடிக் கொண்டு போங்க."

என் கூரையை நானா முதலில் பார்த்ததற்காக அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. சில வாரங்களில் நாங்களும் அந்த வீட்டை விட்டுவிட்டோம். தாத்தாவை நான் மறுபடி பார்க்கவில்லை.