செங்காவியில் ஓர் எண்

நெல்லையில் மெட்ரோ நிலையம் வரப்போகும் தெருவில், வீடு இடிபட்டு மாற்று வீடு கிடைக்கப்போகிறவர்களின் சுவர்களில் சிவப்பு மையால் எண் எழுதுவது என் வேலை. வாய்க்கால் ஓரத்துக் கடைசி வீட்டுக்காரம்மா ஒடிசலானவர். எங்கள் அளவைக் குழுவைக் கண்டதும் முந்தானையால் தன் வீட்டுச் சுவரைத் துடைத்துவிட்டு நிற்பார்.

“எனக்கும் ஒரு நம்பர் போட்டுட்டுப் போங்கய்யா.”

“பொறம்போக்குக்கு நம்பர் கெடையாதும்மா.”

“அப்பம் இடிக்கும்போது மட்டும் என் வீடு கண்ணுக்குத் தெரியுமோ?”

நான் மை டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

அடுத்த வாரம் போனபோது, பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடுத்த எண் அவர் சுவரில் இருந்தது. கோலத்துக்குக் கரை போடும் செங்காவியால் அவரே எழுதியிருந்தார்.

“சரியா எழுதிருக்கனாய்யா?”

“சரியாத்தான் இருக்கும்மா,” என்றேன்.

நிலைய வரைபடத்தில் அவர் வீடு இருக்கும் இடம் கார் நிறுத்துமிடம்.