வாய் மூடாத முன்சில்லு

ஸ்கூல் வான் ஓடுகிறவளுக்கு இரண்டு காது காணாது. ஒன்று பின்சீற்றில் சண்டை பிடிக்கிற பிள்ளைகளுக்கும், மற்றது றோட்டில் ஹோன் அடிக்கிறவர்களுக்கும் போய்விட்டால், சில்லடியில் வருகிற சத்தத்தை எந்தக் காதால் கேட்கிறது? இன்னொருவர் பாவித்த வாகனம் ஒன்றை வாங்கி, கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, "எங்கையிருந்து வருது இந்தச் சனியன்?" என்று றோட்டு நீளத்துக்கும் தவித்த ஆட்கள் யாராவது இதை வாசிக்கிறீர்களா? அப்படியென்றால் கிட்ட வாருங்கள். நாங்கள் ஒரே கூட்டம்.

நான் சாந்தி. அன்புவழிபுரத்தில் பிள்ளைகளை ஏற்றி, பாலையூற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, உவர்மலையிலும் ரவுனிலும் பள்ளிக்கூட வாசல்களில் இறக்குவது என் தொழில். பிள்ளைகளுக்கு நான் வான் அன்ரி. முன்பிருந்த வான் இனி ஏலாது என்று படுத்துவிட்டதால்தான் இதைத் தேடி வாங்கினேன்.

ஹாஜியாரின் அமைதியான வான்

விற்றவர் தோப்பூரில் புடவைக்கடை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார். நல்ல மனிதர். "மூதூர் வரைக்கும் ஓடிப் பாருங்க" என்று திறப்பைக் கையில் தந்தார். ஓடினேன். ரேடியோவை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன், மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. சந்தோஷமாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளையாரிடம் வானைப் பூசைக்குக் கொண்டுபோனேன். ஐயர் கண்ணாடிக்குச் சந்தனம் பூசி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். தேங்காயை மட்டும் நானே வாங்கி, இடதுபக்க முன்சில்லுக்கு முன்னால் ஓங்கி அடித்தேன். பிள்ளைகள் ஏறி இறங்குகிற பக்கம் அதுதானே, பிள்ளையார் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கட்டும் என்று ஒரு ஆசை. பூசை போட்ட வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கக்கூடாது, முன்னுக்குத்தான் எடுக்க வேண்டும். அது எங்கள் பக்க வழக்கம். சிரட்டைச் சிதறலுக்கு மேலாலேயே எடுத்து, முடக்கில் திருப்பினேன். கிறீச்ச்ச். நேரே வந்தேன். கிறீச்ச்ச், கிறீச்ச்ச். வீடு வரும் வரைக்கும் வாய் மூடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோப்பூருக்குப் போன் போட்டு, "என்ன ஹாஜியார், ஏமாத்திப் போட்டீங்களே" என்று பொரிந்து தள்ளினேன். மனிதர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அல்லாஹ்வுக்காகச் சொல்றேன் தங்கச்சி, என்னட்ட இருக்கக்குள்ள அது ஒரு வார்த்தை கதைச்சதில்ல."

ஐஸ் கொம்பனிக் காது

வீட்டில் இன்னொரு நிபுணர் இருக்கிறார், என் மனிசன். கடற்கரையில் ஐஸ் கொம்பனியில் வேலை. ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருடைய காது எப்போதோ பென்சன் எடுத்துவிட்டது. அது அவருக்கு மட்டும் தெரியாது. அவரைப் பக்கத்துச் சீற்றில் ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதி முழுக்க ஓடினேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். எங்கள் ஊரில் மாடுகள் மாதிரி றோட்டோரம் மேய்கிற மான்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

இவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, பாட்டுக் கச்சேரி கேட்கிற ஆள் மாதிரி இருந்தார். வீட்டு வாசலில் இறங்கிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு முடிவு சொன்னார்:

"வான் பஞ்சு மாதிரி ஓடுது, நீர்தான் சும்மா யோசிச்சு யோசிச்சு மண்டையைப் போட்டு உடைக்கிறீர்."

முதல் வைத்தியம்

இனி வீட்டு வைத்தியம் சரிவராது என்று பாறூக் நானாவின் கராஜுக்குப் போனேன். என் பழைய வானைப் பல வருஷம் உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் நோயாளி டொக்டரைக் கண்டதும் சுகமாகிற கதை உங்களுக்குத் தெரியும்தானே? போகிற வழியிலேயே சத்தம் ஓய்ந்து, கராஜ் வாசலில் வான் சாதுவாக நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நானா, சத்தியமா சத்தம் போட்டது" என்று நானே வாயால் கிறீச்சிட்டுக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணிறத் தூளைப் பிறஷால் தட்டி, "துரு" என்றார். பிறேக் கட்டைகளை மாற்றினார். பிறகு ஓடிப் பார்த்தால் வான் தோப்பூரில் ஓடின மாதிரியே ஓடியது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சத்தம் நின்றால் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்குச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறக்கூடாது என்று அடுத்த நாள் காலையே போய், வானை நிற்பாட்டி, அதே சில்லடியில் உடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னமே கிறீச்ச்ச்.

போனில் அழாத குறையாகச் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு பெரிய பெருமூச்சு. பிறகு பாறூக் நானா சொன்னார்:

"சாந்தி, முப்பது வருஷமா வாகனம் பாக்குறேன், இப்படிக் கள்ளத்தனமான சில்ல நான் கண்டதில்ல."

பின்சீற்றுக் கச்சேரி

இரண்டாம் முறை முன்பக்க றப்பர் புஷ்கள் எல்லாம் மாறின. வான் அடங்கியது. நான் பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காயால் நன்றி சொன்னேன். வான் திரும்பவும் கிறீச்சிடத் தொடங்கியது. இப்போது உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். சிரியுங்கோ. வெளியில் நின்று பார்க்கிற ஆளுக்கு எல்லாம் வெளிச்சமாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. நான் பிறேக் பிடிக்க முன்னமே பின்சீற்றில் எல்லோரும் சேர்ந்து "கிறீச்ச்ச்" என்று கோரஸ் போடுவார்கள். எனக்கு அது விளையாட்டில்லை. உவர்மலை இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம், இடதுபக்கச் சில்லு கழன்று எனக்கு முன்னால் தனியே உருண்டு போகிற மாதிரியே கண்ணுக்குள் தெரியும். பின்னால் இருக்கிறது மூட்டையா முடிச்சா, ஊரார் பெற்ற பிள்ளைகள். இறக்கத்தில் நான் மாட்டுவண்டி வேகத்தில் இறங்க, பின்னால் வந்த பஸ்காரன் கையைத் தூக்கி ஏசிக்கொண்டு போவான். ஒருநாள் நான் வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு இறங்கினதை, முன்சீற்றில் இருந்த மூன்றாம் வகுப்பு அபிநயா கவனித்துவிட்டாள்:

"அன்ரி, நீங்க பயப்பிடாதேங்கோ, சில்லு கழண்டா நான் உங்களுக்குச் சொல்லுறன்."

கௌரி ரீச்சரின் தவணை

அபிநயா அதைப் போய் வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா கௌரி ரீச்சர். எங்கள் வான் அம்மாமாருக்குள் அவ சொன்னால் சொன்னதுதான். அவ பிள்ளையை நிற்பாட்டினால் அந்தக் கிழமையே வான் வெறுமையாகிவிடும். அடுத்த நாள் காலை வாசலில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்றா. கத்தவில்லை, ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயம்.

"ரீச்சர், கராஜில பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்" என்றேன். அவ முன்சில்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அவ சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. நான் அவவின் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்:

"சாந்தி, உங்களில எனக்கு நம்பிக்கை இருக்கு, உங்கட சில்லில இல்லை, இந்தச் சனிக்கிழமை நானும் கராஜுக்கு வாறன், அதுக்குப் பிறகும் சத்தம் வந்தா பிள்ளையை அனுப்பமாட்டன்."

கராஜ் வாசலில்

சனிக்கிழமை ரீச்சர் குடையோடு வந்து, பாறூக் நானா போட்ட கதிரையில் இருந்துவிட்டா. பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மாதிரி நானா ஒவ்வொன்றாகக் கழற்றினார். "மிச்சம் இருக்கிறது சில்லுப் பெயரிங்தான்" என்று அதையும் மாற்றினார். பிறகு மூன்று பேரும் ஏறி, கடற்கரைப் பக்கம் போய், உவர்மலை ஏறி இறங்கி வந்தோம். ஒரு சத்தமும் இல்லை. ரீச்சர் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே வைத்துக்கொண்டே வந்தா. கராஜில் இறங்கி, "சரி, திங்கக்கிழமை அனுப்புறன்" என்றா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சீற்றுக்குக் கீழே தேங்காய் தயாராக இருந்தது. கோயில் வரைக்கும் போகப் பொறுக்கவில்லை. பிள்ளையார் எங்கேயும் இருப்பார்தானே? கராஜ் வாசலிலேயே கோயில் இருக்கிற திசையைக் கும்பிட்டு, இடதுபக்க முன்சில்லடியில் ஓங்கி ஒரு அடி. ஏறி, முன்னுக்கு எடுத்து, றோட்டுக்குத் திருப்பினேன்.

கிறீச்ச்ச்.

சட்டென்று பிறேக்கைப் பிடித்தேன். ரீச்சரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முடிந்தது என் தொழில் என்றுதான் நினைத்தேன். அப்போது பாறூக் நானா கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அசையாதீங்க! ஒரு இஞ்சும் எடுக்காதீங்க!" ஜக் வைத்து வானைத் தூக்கி, சில்லைக் கழற்றி, தலையை உள்ளே விட்டார். பிறேக் தட்டுக்குப் பின்னால் மண் படாமல் மறைக்கிற ஒரு தகரம் இருக்கிறது. என் வானில் அதன் விளிம்பு எப்போதோ எதிலோ அடிபட்டு, அகப்பை மாதிரி வெளியே வளைந்து நின்றிருக்கிறது. ஸ்குறூட்ரைவரால் நோண்டி, அதற்குள்ளிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னச் சிரட்டைத் துண்டு. அதில் வெள்ளைத் தேங்காய் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் ரயர் தட்டிவிட்ட துண்டை அந்தத் தகரம் ஏந்தி வைத்திருக்கிறது. முடக்கில் திருப்பினதும் அது தட்டில் உரசும். ஓட ஓட அரைபட்டுத் தூளாகும். கராஜுக்கு வரும்போது சத்தம் ஓய்ந்திருக்கும், தூள்தான் மிஞ்சியிருக்கும். துரு என்று நானா பிறஷால் தட்டினது அதைத்தான். பெயரிங்கும் பாவம், புஷ்ஷும் பாவம், தோப்பூர் ஹாஜியாரும் பாவம். நான் வானடியில் நிலத்திலேயே இருந்து வயிறு நோகச் சிரித்தேன். இத்தனை நாளும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் அந்தச் சிரட்டைத் துண்டோடு வெளியே வந்துவிட்டது. சில்லு கழலாது. பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. அது போதும் எனக்கு.

நானா தகரத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொண்டே சொன்னார், "சத்தம் நிண்டதுக்கு உடைச்ச தேங்காதான் சத்தம் போட்டிருக்கு." கௌரி ரீச்சர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு குடையை விரித்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னா:

"திங்கக்கிழமை பிள்ளை வருவா சாந்தி, ஆனா தேங்காய் உடைக்கிற எண்ணம் வந்தா எங்கட வீட்டுக்குக் கொண்டு வாங்கோ, சம்பல் போடுவம்."

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன், ஆனால் வானை அடுத்த ஒழுங்கையில் மறைவாக விட்டுவிட்டு நடந்து போய்த்தான், ஏனென்றால் நான் நன்றி சொல்லுவது அதன் காதில் விழாமல் இருக்கும் வரைக்கும் அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லாது.