இரண்டாம் நாள் கையெழுத்து

அந்த அதிகாரி பொய் சொன்னார். வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை. கோப்பில் எழுதி, முத்திரை குத்தி மேலே அனுப்பிய பொய். எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்ததாக எழுதினார். கொடுத்தது ஒரு நாள். அதுவும் மதியம் மூன்று மணி வரைக்கும்தான். அந்தப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் போலிக் கணக்கு எழுதியவள் என்றார். எனக்கு வேலை போனது. அதற்குப் பிறகு எந்த சர்வேக்கு விண்ணப்பித்தாலும் என் பேரைப் பார்த்ததும் ஒதுக்கி வைக்கிறார்கள்.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் ஒப்பந்தக் களப்பணியாளராக இருந்தேன். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். பட்டியலில் வரும் வீட்டில் உட்கார்ந்து, போன வாரம் எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய், மருந்துக்கு என்ன செலவு என்று கேட்டுப் பதிய வேண்டும். நாடு முழுக்க இப்படித்தான் கணக்கு எடுக்கிறார்கள். பி.எஸ்சி. கணக்கு படித்து எட்டு வருஷம் கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போன எனக்கு அது பெரிய வேலை. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது முதுகு தானாக நிமிரும்.

பயிற்சி கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருபத்தெட்டு பேர் இருந்தோம். காலையில் டீ வருவதற்கு முன்பே வருகைப் பதிவேடு வந்தது. முதல் நாள் முற்பகல், பிற்பகல், இரண்டாம் நாள் முற்பகல், பிற்பகல் என்று நான்கு கட்டம். நான்கிலும் இப்போதே போடுங்கள், மதியத்துக்குள் மேலே அனுப்ப வேண்டும் என்றார்கள். அரசாங்கப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இது புதிது இல்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஷிவந்தியத்துப் பெண் என் காதில் சொன்னாள்:

"நாளைக்கு நாம செத்துப்போனா கூட ஆஜருதான்கா."

சிரித்துக்கொண்டே நான்கு கையெழுத்தும் போட்டேன்.

பாடம் எடுக்க வந்த அந்த அதிகாரி திரையில் இருந்த இங்கிலீஷை அப்படியே வாசித்தார். வீடு பூட்டியிருந்தால், ஆள் பேச மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு பகுதி வந்தது. "இது முக்கியம், நாளைக்கு விலாவாரியா பார்ப்போம்" என்று தள்ளிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு மைக்கில் சொன்னார்: "நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு. யாரும் வர வேணாம். மிச்சத்த வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் ஒன்றும் வரவில்லை. வந்தது டார்கெட்தான். இன்றைக்கு இத்தனை வீடு, நாளைக்கு இத்தனை வீடு.

எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு ஊரைக் கொடுத்தார்கள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பட்டியலில் எட்டு வீடு. அதில் மூன்று பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"காப்பித் தோட்டத்துக்குப் போய்க்கீறாங்க டீச்சரு. புள்ள குட்டியோட போய்ட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

"மழ புடிச்சா வருவாங்க. நீ அதுவரிக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கப் போறியா? இருந்தா இருந்துக்க, கூழு ஊத்தறேன்."

டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. பை மாட்டிக்கொண்டு மலையேறி வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான்.

சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி அதிகாரிக்குப் போன் பண்ணினேன்.

"சார், மூணு வூடு பூட்டி கெடக்குது. ஆளுங்க வெளியூரு போயிட்டாங்க. இன்னா சார் பண்றது?"

"பக்கத்து வூட்டுல கேட்டுப் போடும்மா. இன்னிக்கி இந்த ஊரு முடியணும்."

"பேரு யாரு பேரு சார் போடறது?"

"லிஸ்ட்ல இருக்கற பேரே இருக்கட்டும். அத மாத்தினா டேப்லெட் ஏத்துக்காது. சின்னப் புள்ள மாதிரி எல்லாத்துக்கும் போன் பண்ணாத."

போனை வைத்துவிட்டார். எனக்கு உறுத்தியது. தோட்டத்தில் இருக்கிறவன் பேரில் இங்கே இருக்கிறவள் சாப்பிட்ட சோற்றை எப்படி எழுதுவது? ஆனால் நான் கேட்காத அந்த இரண்டாம் நாள் பாடத்தில் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன். அந்த அம்மா அரிசி சொன்னார், எண்ணெய் சொன்னார், வெற்றிலை பாக்கு சொன்னார். எல்லாவற்றையும் மூன்று பூட்டிய வீட்டுக்காரர்கள் பேரில் பிரித்துப் போட்டேன். அது தப்பு. பெரிய தப்பு. விதி தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

ஊரில் மழை பிடித்த பிறகு சென்னையிலிருந்து சோதனைக்கு ஒரு மேடம் வந்தார். அந்த மூன்று குடும்பமும் திரும்பி வந்திருந்தது. "எங்கள யாரும் எதுவும் கேக்கலியே" என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த மேடமும் இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் ஏழெட்டு பேர் டேப்லெட் ஒப்படைக்க வந்து நின்றார்கள். ரிஷிவந்தியத்துப் பெண்ணும் இருந்தாள். அதிகாரி பதிவேட்டைத் திருப்பி என் முன்னால் போட்டார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"பூட்டின வூட்டுக்கு மூணு தடவ வேற வேற நேரத்துல போவணும். அப்பவும் இல்லன்னா ஆள் இல்லன்னு டேப்லெட்ல பதிஞ்சிட்டு, மாத்து வூடு கேட்டு எழுதி அனுப்பணும். ரெண்டாம் நாள் இதத்தானே பாடம் எடுத்தோம்? எடுத்தமா இல்லியா?"

அந்த விதியை என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டேன். அவருக்கு அது அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. பாறை மேல் நின்று நான் கேட்டபோதும் தெரிந்திருந்தது.

"சார், ரெண்டாம் நாளே நடக்கல. நீங்கதான் போன்ல பக்கத்து வூட்டப் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா? நடக்கலன்னா எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

மேடம் மற்றவர்களைப் பார்த்து, "இரண்டாம் நாள் பயிற்சி நடந்ததா?" என்று கேட்டார். எல்லாரும் கையில் இருந்த டேப்லெட்டையே பார்த்தார்கள். ரிஷிவந்தியத்துப் பெண் சார்ஜர் வயரைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள்.

இப்போது தியாகதுருகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். நான் சும்மா இருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதல் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். மேல்முறையீடு செய்தேன். கடைசியில் தாள்கள் வந்தன. அதில் இடர் பதிவேடு என்று ஒன்று இருந்தது. வேலையில் என்னென்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொரு அலுவலகமும் எழுதி வைக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஒழுங்காக எழுதினால்.

டேப்லெட் தொலைந்தால் என்ன செய்வது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று நாலு வரி. பணியாளர் விதி தெரியாமல் தப்புச் செய்தால் என்பதற்கு ஒரே வரி: "இரண்டு நாள் பயிற்சி அளிக்கப்பட்டது." அதற்குக் கீழே இன்னொரு வரி. இங்கிலீஷில் இருந்தது, நான் தமிழில் சொல்கிறேன்: "பணியாளர் நேர்மையின்மை. ஒருவர் நீக்கப்பட்டார். இடர் நீங்கியது."

அந்த ஒருவர் நான். என்னை அனுப்பியதும் ஆபத்து தீர்ந்துவிட்டதாம். விதி தெரியாத மற்ற இருபத்தேழு பேரும் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதுகிற கணக்கை வைத்து யாரோ டெல்லியில் திட்டம் போடுகிறார்கள்.

போன வாரம் ரிஷிவந்தியத்துப் பெண் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"இன்னாடி, இந்த மெஷின் கடிக்குமா? குடு."

எடுத்துக் கொடுத்தேன். அவளாகவே சொன்னாள்: "திங்கக்கிழம புது சர்வேக்குப் பயிற்சிக்கா. அதே மண்டபம். ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா? நாலு கையெழுத்தா?"

அவள் சிரிக்கவில்லை. "வுட்டுடேன்கா. அந்த ஆளு அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவப் போறாரு."

"ரிட்டயர் ஆனா போலிக் கணக்கு எழுதினவன்னு என் பேருல இருக்கறத அழிச்சிட்டுப் போவாரா?"

"எனக்கு வூட்டுல மூணு புள்ளைங்க இருக்குதுக்கா."

"அன்னிக்கும் அதான் இருந்திச்சு. போ."

அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் மன்னிக்கவில்லை.

அவள் போனதும் அந்த இடர் பதிவேட்டுப் பக்கத்தை இருபத்தெட்டு பிரதி எடுத்தேன். திங்கட்கிழமை காலை மண்டப வாசலில் நிற்பேன். உள்ளே போகும் ஒவ்வொருத்தர் கையிலும் ஒன்று கொடுப்பேன். போலீஸைக் கூப்பிடட்டும். ஜெராக்ஸ் கொடுப்பது குற்றம் இல்லை.

சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒரு பிரதி தபாலில் வருகிறது. திங்கட்கிழமை மைக் உங்கள் கையில்தான் இருக்கும். தனி அறைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், நான் வர மாட்டேன். எல்லார் முன்னாலும் அந்த மைக்கில் சொல்லுங்கள்: பூட்டிய வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அறையில் பாடம் எடுத்தீர்கள்?