ஏலக்காய்க்குள் புதைத்த நோட்டுகள்

மலைப்பாதையில் தவசிக்குப் பேச்சுத்துணை அவனுடைய செருப்புச் சத்தம்தான். போடியிலிருந்து தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியலில் ஏறுவான். ஏலத்தோட்டத்துக் கடிதங்களோடு பொழுது சாய இறங்குவான். பெண்டாட்டி காய்ச்சலில் போனபிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. வழியில் வரும் ஜீப்புகள் அவன்மேல் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போகும். தோட்டத்துக் கடையில் அவனுக்கென்று ஒரு தனிக் குவளை வெளியே கம்பில் தொங்கியது. சர்க்கார் பையை அவன் தொடலாம், கடைக் கிளாசைத் தொடக் கூடாது. இதையும் நியாயம் என்று சொல்லிக்கொண்டு நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள்.

அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த ஒரே மனிதர் தோட்டத்துக் கணக்கர் சம்சுதீன். அவரும் குடும்பத்தைப் போடியில் விட்டுவிட்டு மலையில் ஒற்றையாகக் கிடந்தவர். பழைய ரூபாய் நோட்டுச் சேர்ப்பது அவருடைய பித்து. தகரப் பெட்டியைத் திறந்து காட்டுவார்: ராஜா தலை போட்ட பர்மா நோட்டு, ஹஜ் யாத்திரைக்கென்றே அச்சடித்த நோட்டு, முந்திய வருசம் சர்க்கார் செல்லாதென்று சொன்ன ஆயிரம் ரூபாய்.

"செல்லாததை எதுக்குண்ணே பூட்டி வைக்கிறீக?"

"நீயும் நானும் மட்டும் எங்கேப்பா செல்லுறோம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே தவசி ஏற்றத்தில் வெரசா நடப்பான்.

எழுபத்தொன்பதில் சென்னைக்காரர் ஒருவரோடு நோட்டு மாற்றிக்கொள்ள ஏற்பாடாயிற்று. தபாலில் இன்சூர் செய்தால் மதிப்பைச் சொல்லி அரக்கு வைக்க வேண்டும்; ஊருக்கே தெரிந்துபோகும். எனவே சம்சுதீன் ஒரு டப்பா நிறைய ஏலக்காய் கொட்டி, நடுவில் பர்மா நோட்டையும் ஹஜ் நோட்டையும் புதைத்துச் சாதாரணப் பார்சலாகத் துணி சுற்றித் தைத்தார். பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தவன் தவசி.

பார்சல் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை.

மலையில் அந்தக் குவளை தொங்கிய கடையையும் தபாலாபீசையும் ஒரே கூரையில் நடத்தியவர் மொக்கச்சாமி. பார்சலை வாங்கி முத்திரை குத்தியவர் அவர்தான். தன்மேல் பேச்சு வருமுன் முந்திக்கொண்டார். தேவாரம் ஊர்ப் பக்கம் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவனிடம் சம்சுதீனை இழுத்துப் போனார். "கால்நடையா வர்ற ஆளு. தோள்ல சுமை தெரியுது" என்றான் மைக்காரன். அப்படிப் பார்த்தால் அந்த மலையில் சுமை இல்லாத தோள் முதலாளி ஒருவருடையதுதான். ஆனாலும் எல்லார் வாயிலும் தவசி பெயரே வந்தது.

"உள்ளே நோட்டு இருந்தது வேற யாருக்குத் தெரியும், பாய்?" என்று மொக்கச்சாமி கேட்டபோது சம்சுதீன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரமே தவசியிடமிருந்து பையைப் பிடுங்கினார்கள்.

"என்ன மாப்ளே, ஆயிரம் ரூவாத் தாளுக்குச் சில்லறை கிடைச்சுச்சா?" என்று போடி டீக்கடையில் கேட்டார்கள். அவன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு அந்தத் தெரு வழியே போவதையே விட்டான். மழைக்காலம் முழுக்க யாரும் அவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

மழை ஓய்ந்த பிறகு விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு தபால் இன்ஸ்பெக்டர் மலைக்கு வந்தார். தபாலாபீஸ் அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார். "என்னய்யா இது, பையெல்லாம் ஏலக்காய் வாசம் தூக்குது?"

விசாரணைக்குக் கூப்பிட்டு நிறுத்தியிருந்த தவசிக்கு எந்த வாசமும் தெரியவில்லை. பார்சலைத் தைத்த சம்சுதீனுக்கும் தெரிந்திருக்காது. பிறந்ததிலிருந்து அதிலேயே மூச்சு விட்டவர்களுக்கு ஏது ஏலக்காய் வாசம்? ஒளித்து வைத்ததாக நினைத்தார்கள். பார்சலோ போகிற வழியெல்லாம் தன்னைத் தானே தமுக்கடித்துக்கொண்டு போயிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மையை நம்பவில்லை, மூக்கை நம்பினார். ஏலக்காய்ப் பார்சல்கள் வேறேதும் தொலைந்தனவா என்று விசாரித்தார். நிறையத் தொலைந்திருந்தன. கீழே மதுரையில் கடிதம் பிரிக்கிற ஒருவன் வாசம் பிடித்து எடுத்து விற்றுக்கொண்டிருந்தான். உள்ளே கிடந்த தாள்களை விளையாட்டுக் காசென்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டானாம். மூலை கிழிந்த பர்மா நோட்டு மட்டும் திரும்பி வந்தது.

தவசிக்கும் பை திரும்பக் கிடைத்தது. வேலையில்லாமல் கிடந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. "மை பொய் சொல்லாதப்பா, இவன் கெட்டிக்காரன், தப்பிச்சுட்டான்" என்று மொக்கச்சாமி கடையில் சொல்லிக்கொண்டேயிருந்தார். திருடன் பிடிபட்ட பிறகும் மைக்காரன் வாசலில் கூட்டம் குறையவில்லை.

மறுபடி பையோடு முதல்நாள் ஏறியபோது சம்சுதீன் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டி திறந்திருந்தது.

"உள்ளே வா தவசி. வந்த நோட்டைப் பாரு."

"வேணாம்ணே. கடுதாசி இந்தா இருக்கு."

"என் மேல கோவமாப்பா?"

"கோவமில்ல. நீங்க காட்டுனதாலதான நான் கள்ளனாப் போனேன். பார்க்காம இருந்துக்கிறேன்."

கடிதங்களைப் படியில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தான். பையைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு ஏறினான். பின்னால் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச தூரம்வரை காது கொடுத்தான். கேட்கவில்லை.